சில்க்சாங், கஷ்டம், விமர்சனம் – கடிதம்

அன்புள்ள அண்ணா,

ஹாலோ நைட் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துத்தான் அந்த கேமையே தொட்டேன். அந்த ஆசையில் அதன் தொடர்ச்சியான சில்க்சாங்கும் வாங்கினேன். இப்போது அதன் முதல் அங்கத்தின் முடிவில், லாஸ்ட் ஜட்ஜ் என்ற பாஸிடம் (பெரிய எதிரி) மாட்டிக்கொண்டு நிற்கிறேன். பாஸைவிட அங்கே போய்ச் சேரும் வழிதான் உயிரை எடுக்கிறது. செத்தால் கடைசியாக உட்கார்ந்த பெஞ்சிலிருந்து மறுபடி கிளம்பி, காற்றடிக்கிற பாறைகளில் தாவி, வழியில் பறந்து வந்து குத்துகிறவற்றிடம் தப்பி, பாதி உயிரோடு போய் நின்று, மறுபடி சாவு. இதை நண்பர்களிடம் சொன்னால் "உனக்கு ஆட வரலை, கேமைக் குறை சொல்லாதே" என்கிறார்கள். ரிவ்யூக்களைப் பார்த்தால் ஒருவர் மாபெரும் படைப்பு என்கிறார், இன்னொருவர் கொடுமை என்கிறார். ஆட முடியாதவன் சொல்வது விமர்சனம் ஆகாதா? ஈசி மோட் கேட்பது தப்பா?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஆகும். மாட்டிக்கொண்டு நிற்கிறவருக்கு அந்த இடத்தைப் பற்றித் தெரிகிற அளவுக்கு, ஒரே மூச்சில் தாண்டிப் போனவருக்குத் தெரியாது. உங்கள் நண்பர்கள் சொல்வது உங்கள் கைத்திறனைப் பற்றிய கருத்து, அது சரியாகவே இருந்தாலும் கேமைப் பற்றி அதில் எதுவும் இல்லை.

இந்த கேமுக்கு விமர்சனங்கள் வந்த விதமே கொஞ்சம் வித்தியாசமானது. டீம் செர்ரி என்பது அடிலெய்டில் இருக்கும் மிகச் சிறிய குழு, 2014இல் கிக்ஸ்டார்ட்டரில் மக்களிடம் பணம் திரட்டி ஹாலோ நைட்டைத் தொடங்கியவர்கள். 2025 செப்டம்பர் 4 அன்று சில்க்சாங் வெளியானபோது, அன்று பணம் போட்டவர்களுக்கு முன்னால் விமர்சகர்கள் விளையாடுவது நியாயமில்லை என்று யாருக்கும் முன்கூட்டியே பிரதி தரவில்லை. அதனால் எல்லோரும் ஒரே நேரத்தில், கேம் விற்கும் ஸ்டீம் தளமே திணறிக்கொண்டிருந்தபோது, உள்ளே நுழைந்தார்கள். முதல் வாரத்தில் வந்த கருத்துகளில் பெரும்பகுதி ஆரம்ப மணிநேரங்களின் கருத்து. அதற்காக அவற்றைத் தள்ளிவிட முடியாது. சில நாட்களிலேயே வந்த திருத்தத்தில் (பேட்ச்) மூர்விங், சிஸ்டர் ஸ்ப்ளின்டர் என்ற இரண்டு ஆரம்பகால பாஸ்களை இலகுவாக்கினார்கள், பெஞ்சுக்குக் கேட்கும் காசையும் சில இடங்களில் குறைத்தார்கள். செய்தவர்களே கேட்டுக்கொண்ட குறையை வெளியே நின்று பார்ப்பவர்கள் மறுப்பதில் என்ன இருக்கிறது?

ஆனால் "கஷ்டம்" என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் போட்டு அடைப்பதால்தான் இந்தச் சண்டை தீரமாட்டேன் என்கிறது. ஹாலோ நைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். புது இடத்துக்குப் போனால் மேப் கிடையாது. மேப் விற்கும் கார்னிஃபர் எங்கேயோ முனகிக்கொண்டிருப்பார், தரையில் கிடக்கும் காகிதங்களைப் பார்த்துத் தேடிப் போய் அவரிடம் வாங்க வேண்டும். அப்புறம் இறகுப் பேனா வாங்க வேண்டும், அப்படியும் நடந்த இடமெல்லாம் பெஞ்சில் உட்கார்ந்தால்தான் வரைபடத்தில் ஏறும். நான் எங்கே நிற்கிறேன் என்று தெரிய ஒரு சார்ம் (தாயத்து) போட்டே ஆக வேண்டும், நாம் போடக்கூடிய சில தாயத்துகளில் அது ஒரு இடத்தைப் பிடித்துக்கொள்ளும். 2017இலேயே இதைத் தொல்லை என்று எழுதினார்கள். எனக்கு அந்த கேமில் மிகப் பிடித்ததே இதுதான். தொலைந்துபோகிற பயம் இல்லாவிட்டால் டீப்நெஸ்ட் என்ற பகுதி வெறும் இருட்டு குகை. அங்கே தடுமாறிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் ஒரு சுவர், ஒரு பள்ளம், ஒரு சத்தம் என்று மனதில் ஏறிக்கொண்டே இருக்கிறது. அந்தக் கஷ்டம் நம்மை உலகத்துக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளுகிறது.

சில்க்சாங்கிலும் இப்படிப்பட்ட கஷ்டம் நிறைய உண்டு. ஹன்டர்ஸ் மார்ச் என்ற இடத்தில் அப்பாடா என்று உட்காரப் போனால் பெஞ்சே பொறியாக இருக்கிறதே, அதைப் பலர் திட்டினார்கள். எனக்கு அது பிடித்தது. முதல் முறை மாட்டும்போதே அந்த இடத்தில் வாழ்கிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று தெரிந்துவிடுகிறது. நாம் ஆடும் பாத்திரமான ஹார்னெட் சாய்வாகக் கீழே பாய்ந்து அடிப்பதும் அப்படித்தான், முதலில் கை மறுக்கும், பிறகு பழகும், பழகாவிட்டால் அடிக்கும் முறையை மாற்றும் வாண்டரர் க்ரெஸ்டைத் தேடிக் கண்டுபிடித்தால் பழைய மாதிரி நேர் கீழே குத்தலாம். கைக்கு வராததை கால் நடந்து போய்த் தீர்த்துக்கொள்கிறது. இந்த வகை கேமில் இதைவிட நல்ல நியாயம் எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் சொல்லும் ஓட்டம் வேறு வகை. அதற்கும் மேலே இருப்பதற்கும் உறவே இல்லை. ஜட்ஜிடம் போகும் வழியான ப்ளாஸ்டட் ஸ்டெப்ஸில் முதல் முறை ஏறும்போது அந்தக் காற்று, அந்த உயரம், தூரத்தில் தெரியும் கதவு எல்லாம் அற்புதம். ஆனால் பத்தாவது முறை ஏறும்போது அங்கே பார்க்க ஒன்றுமே மிச்சமில்லை. செத்த இடத்தில் நம் காசெல்லாம் கூட்டுக்குள் கிடக்கிறது என்பதால் வேறு பக்கம் போகவும் மனது வருவதில்லை. தொலைவிலிருந்தே கூட்டை மீட்டுத் தரும் சில்க்ஈட்டர் உண்டு, ஆனால் கிடைப்பது கொஞ்சம்தான், அதைச் செலவழிக்க யாருக்கும் கை வராது. சுற்றித் திரியச் சொல்லும் ஒரு கேம், சரியாக நாம் சுற்றித் திரிய வேண்டிய நேரத்தில் நம்மை ஒரே பாதையில் கட்டிப்போடுகிறது. என் குறை இதுதான். பாஸ் எவ்வளவு பலசாலி என்பது எனக்குப் பொருட்டே இல்லை.

ஒரே அடியில் இரண்டு உயிர் போகும் இரட்டை டேமேஜ் பற்றியும் இதே கோணத்தில் சொல்கிறேன். ஆதரிப்பவர்கள் ஹார்னெட் ஒரே முறை காயத்தைக் கட்டி மூன்று முகமூடிகளை (உயிரின் அளவு) மீட்டுக்கொள்கிறாள், அதுவும் அந்தரத்தில் இருந்தபடியே, அதனால் அடியும் இரண்டிரண்டாக விழுவது நியாயம் என்கிறார்கள். சண்டைக்குள் மட்டும் பார்த்தால் சரிதான். ஆனால் ஐந்து முகமூடிகளோடு தொடங்குகிறோம், இரண்டிரண்டாகப் போனால் மூன்றாவது அடியில் சாவு. மூலை முடுக்கெல்லாம் தேடி நான்கு துண்டுகளைச் சேர்த்து ஆறாவது முகமூடியைப் பெறுகிறோம். இப்போதும் அதே மூன்றாவது அடியில்தான் சாவு! ஒற்றை அடி விழும் இடங்களில் உதவும், ஆனால் எங்கே உயிர் போகிறதோ அங்கே அந்தத் தேடலுக்குக் கூலி இல்லை. ஹாலோ நைட்டில் பெரும்பாலான அடி ஒன்றுதான் என்பதால் ஒரு முகமூடி என்றால் உண்மையிலேயே இன்னொரு வாய்ப்பு. வாட்சர் நைட்ஸ் சண்டைக்கு முன்னால் மேலே ஒளிந்திருக்கும் வழியைக் கண்டுபிடித்து சரவிளக்கை அறுத்துவிட்டால் ஆறு பேரில் ஒருவன் முன்பே ஒழிந்துவிடுவான், ஞாபகம் இருக்கிறதா? (அந்தச் சண்டைக்கும் ஓடிப் போகிற வழி மோசம்தான், பழையது என்பதற்காக அதை மன்னிக்க மாட்டேன்.) தேடுகிறவருக்குச் சண்டை இலகுவாக வேண்டும். சில்க்சாங் பல இடங்களில் இதைச் செய்கிறது, முகமூடி விஷயத்தில் செய்யவில்லை.

ஈசி மோட் கேட்பதில் தப்பே இல்லை. 2018இல் வந்த செலஸ்ட்டில் வேகத்தைக் குறைக்கலாம், சாகாமலேயே ஆடலாம், அதனால் அந்த கேமின் மதிப்பு ஒரு துளியும் குறையவில்லை. சில்க்சாங்குக்கும் பிசியில் இரட்டை டேமேஜை எடுக்கும், ரசிகர்கள் செய்த மாற்றங்கள் (mod) உடனே வந்துவிட்டன, உங்களுக்கு வேண்டுமென்றால் தயங்காமல் போட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்பதாக இருந்தால் முதலில் பெஞ்சைப் பக்கத்தில் வைக்கச் சொல்வேன்.

சரி, அதைப் போடுவதற்கு முன்னால் ஒன்று. லாஸ்ட் ஜட்ஜை வெல்லாமலே அடுத்த இடமான சிட்டாடலுக்குள் போக முடியும். கேம் இதை உங்களிடம் சொல்லாது, அது எனக்கு வருத்தம்தான். க்ரேமூருக்குத் திரும்பிப் போய் சின்னர்ஸ் ரோட்டுக்கு வழி தேடுங்கள், அதைத் தாண்டினால் மிஸ்ட் வரும். அங்கே மேப் கிடையாது, நீடோலின் என்ற இசைக்கருவியை வாசித்தால் எந்தப் பக்கம் போவது என்று தெரியும். அந்தப் பக்கமும் ஒரு பாஸ் காத்திருக்கிறது, ஆனால் எனக்கு ஜட்ஜைவிட அந்தச் சண்டை மிகவும் பிடிக்கும். கூட்டில் கிடக்கும் காசு போனால் போகட்டும், விட்டுவிட்டுக் கிளம்புங்கள்.