குகைக்குள்ள போறதுக்கு முன்னாடி பாறைய பாருங்க (வாசகர் கேள்வி பதில்)

போன இதழ்ல ஆந்திரா சுண்ணாம்புக் குகை பத்தி ரெண்டு வரி எழுதப்போக, தபாலும் வாட்ஸ்அப்புமா கேள்வி குமிஞ்சிருச்சு. அதனால இந்த வாட்டி முழுக்க குகையும் பழைய சுரங்கமும்தான். அரசியல் கேள்வி அனுப்பினவங்க அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கங்க.

ஸ்கூல் டீச்சர், திருமங்கலம்: மதுரையச் சுத்தி இவ்வளவு மலை இருக்கு, ஆனா ஆந்திராவுல இருக்குற பேலம், அப்புறம் மேகாலயா மாதிரி உள்ள நடந்து போற குகை ஒண்ணு கூட ஏன் இல்ல? விருதுநகர் பக்கம் சிமெண்ட்டுக்கு சுண்ணாம்புக்கல் வெட்டுறாங்களே, அங்கயாவது இருக்கக்கூடாதா?

மலை இருந்தா மட்டும் பத்தாது டீச்சர், அது என்ன கல்லுன்னு பாக்கணும். யானைமலையும் அழகர்மலையும் கிரானைட், அப்புறம் நைஸ்னு (gneiss) சொல்ற வரி ஓடுன கெட்டிப்பாறை சாதி. எத்தனை மழை பேஞ்சாலும் கரையாது, வெயில்ல காஞ்சு மழையில நனைஞ்சு வெடிப்பு விடும், தகடு தகடா உரியும், பெரிய பெரிய பாறை சரிஞ்சு ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சுக்கும், அந்த இடுக்கையும் பாறை நெத்திக்கு அடியில கிடைக்கிற நிழலையும்தான் நம்ம ஊர்ல குகைன்னு சொல்றோம். சுண்ணாம்புக்கல் கதை வேற. மழைத்தண்ணி காத்துலயும் மண்ணுலயும் இருக்குற கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கிட்டு லேசான அமிலமா மாறுது, கல்லுல இருக்குற சின்ன வெடிப்புல இறங்கி கொஞ்சங் கொஞ்சமா கரைக்குது, லட்சக்கணக்கான வருஷத்துல அந்த வெடிப்பு வழியாகி, வழி மண்டபமாகிருது. அதே தண்ணி மண்டபத்துக் கூரையில வந்து சொட்டும்போது வாயு வெளிய போயிரும், கரைஞ்ச சுண்ணாம்பு திரும்பப் படிய ஆரம்பிக்கும், அதுதான் கல்விழுது.

விருதுநகர் விஷயத்துக்கு வர்றேன். பந்தல்குடி பக்கம் எடுக்குறதும் சுண்ணாம்புக்கல்தான், ஆனா அது பூமிக்கடியில ஆழத்துல சூட்டுலயும் அழுத்தத்துலயும் வெந்து பளிங்கு மாதிரி ஆனது, மத்த பாறைக்கு நடுவுல ரிப்பன் கணக்கா பட்டை பட்டையா ஓடுது. மழையும் அந்தப் பக்கம் கம்மி, அப்புறம் பெரிய குகை எங்கருந்து வரும். பேலம் இருக்குற நந்தியால் ஜில்லாவுல அதே கல்லு வேகாம அடுக்கடுக்கா அகலமா படுத்துக் கெடக்கு. மேகாலயாவுல கல்லும் இருக்கு, உலகத்துலயே அதிகம் மழை பெய்யுற இடமும் அதான், அதனாலதான் அங்க கிரெம் லியாட் ப்ரா மாதிரி 30 கிலோமீட்டர் தாண்டின குகை எல்லாம் இருக்கு.

ரிட்டயர்டு பேங்க் ஊழியர், எஸ்.எஸ்.காலனி: பேலம் போகணும்னு பேரப்பிள்ளைங்க ஒத்தக்கால்ல நிக்குதுங்க. எனக்கு மூட்டுவலி, வீட்டம்மாவுக்கு வீசிங். போகலாமா?

நீங்க போகலாம் சார், அவங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டு வரட்டும். மொத்தக் குகை 3,229 மீட்டர், அதுல சுமார் ஒன்றரை கிலோமீட்டர்தான் நம்மள விடுவாங்க, லைட்டு போட்டு வழி பண்ணி வச்சிருக்காங்க. சில இடத்துல கூரை தாழ்வு, குனிஞ்சே போகணும், மூட்டு அங்கதான் பேசும். ரொம்ப ஆழமான இடம் பாதாளகங்கை, தரை மட்டத்துல இருந்து 46 மீட்டர் கீழ, அதுக்குப் படி இறங்கி ஏறணும், முடியலன்னா மேலயே உக்காந்துக்கங்க. குகைன்னா ஜில்லுனு இருக்கும்னு நினைச்சுட்டுப் போறாங்க எல்லாரும், பேலம் புழுக்கம், சட்டை முதுகோட ஒட்டிக்கும். வெளிக்காத்தை உள்ள அனுப்ப குழாய் வச்சிருக்காங்க, அது கிட்ட நின்னு மூச்சு வாங்கிட்டு நடங்க. இன்ஹேலரை பஸ்லயே விட்டுட்டு போயிராதீங்க, சட்டைப் பையில வைங்க.

ரேணிகுண்டாவுல இருந்து குண்டக்கல் போற லைன்ல தாடிபத்ரின்னு ஸ்டேஷன், அங்க இறங்கினா கார்ல சுமார் 30 கிலோமீட்டர். பங்குனி சித்திரையில வேணாம், ராயலசீமா வெயிலு நம்ம வெயிலுக்கு அண்ணன். அங்கருந்து கார்ல இன்னும் கொஞ்ச தூரம் போனா பெண்ணாறு பாறைய அறுத்துட்டு ஓடுற கண்டிக்கோட்டை இருக்கு, அதையும் சேத்துப் பாத்துட்டு வந்துருங்க. பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு கதை: இந்தக் குகைய 1884-லயே பதிவு பண்ணினவர் ராபர்ட் புரூஸ் ஃபூட், அவர்தான் 1863-ல பல்லாவரத்துல கற்கால ஆயுதத்தைக் கண்டெடுத்தவர். அதுக்கப்புறம் நூறு வருஷம் யாரும் பெருசா சீண்டல, 1982, 83-ல ஜெர்மன்காரங்க வந்துதான் முழுசா அளந்தாங்க. டூரிஸ்டுக்கு திறந்தது 2002-ல. இதே பேரப்பிள்ளைங்க அங்க விழுதைத் தட்டி சத்தம் கேக்கணும்பாங்க, விடாதீங்க.

இல்லத்தரசி, பரமக்குடி: தட்டினா என்ன ஆயிரும்? போன வருஷம் என் தம்பி விசாகப்பட்டினம் பக்கம் பொர்ரா குகைக்குப் போயிட்டு ஒரு சின்ன விழுதுத் துண்டை உடைச்சு எடுத்துட்டு வந்தான், ஷோகேஸ்ல வச்சிருக்கோம்.

அக்கா, பொதுவா ஒரு விழுது வளர்றது வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்குதான். உங்க ஷோகேஸ்ல இருக்குறது விரல் நீளம்னு வைங்க, அது வளர எழுநூறு எண்ணூறு வருஷம் ஆயிருக்கும், உங்க தம்பி ஒரு செகண்டுல உடைச்சுட்டாரு. உடைக்கக்கூட வேணாம், கை வச்சாலே நம்ம தோல் எண்ணெய் அதுல ஒட்டி, அந்த இடத்துல சுண்ணாம்பு படியுறது கெட்டுப்போயிரும். திருப்பி ஒட்ட வழி இல்ல. அடுத்த வாட்டி அவரை போட்டோவோட நிறுத்திக்கச் சொல்லுங்க.

காலேஜ் மாணவி, மதுரை: வெளியூர் எல்லாம் வேணாம், ஒரு ஞாயித்துக்கிழமை காலையில போயிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வர்ற மாதிரி குகை சொல்லுங்க.

இதைக் கேக்க ஆளில்லாமதான் இருந்தேன்! முதல்ல கீழக்குயில்குடி சமணர் மலை. அடிவாரத்துல தாமரைக்குளம், ஆலமரம், கருப்பசாமி கோயில், எல்லாம் சேந்து ஏறுறதுக்கு முன்னாடியே மனசு நெறஞ்சிரும். அந்த மலையில செட்டிப்பொடவுங்கிற இடத்துல குகை வாசல் கிட்ட பெரிய தீர்த்தங்கரர் உக்காந்திருக்கார், உள்ள அண்ணாந்து பாத்தா சிங்கத்து மேல ஏறி, யானை மேல வர்றவனோட சண்டை போடுற யட்சி சிற்பம் இருக்கும், டார்ச்சை சைடுல இருந்து அடிங்க, நேரா அடிச்சா ஒண்ணுமே தெரியாது. இன்னொரு பக்கம் படியேறினா பேச்சிப்பள்ளம், பாறையில வரிசையா சிற்பங்களும், அதுக்குக் கீழ வட்டெழுத்தும், ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு. காலையில ஆறு மணிக்கே ஏறிருங்க, ஒம்பதுக்கு மேல பாறை சுட்டுரும்.

எனக்குப் பிடிச்சது என்னவோ மாங்குளம் பக்கத்துல மீனாட்சிபுரம் மலைதான். 1882-லயே ராபர்ட் சீவெல் பாத்து சொன்ன கல்வெட்டு, கி.மு. 2-ஆம் நூற்றாண்டுன்னு கணக்கு. நெடுஞ்செழியனோட பணியாள் கடலன் வழுதி, கணி நந்தன்ங்கிற துறவிக்கு இந்தப் பள்ளிய, அதாவது துறவிங்க தங்குற இடத்தை, செஞ்சு குடுத்தான்னு தமிழ்ப் பிராமி எழுத்துல வெட்டி வச்சிருக்கு. எல்லாரும் எழுத்தை போட்டோ எடுத்துட்டு இறங்கிருவாங்க. நீங்க எழுத்துக்குப் பக்கத்துல பாறை நெத்தியில நீளமா ஒரு காடி வெட்டியிருக்கும் பாருங்க, அதைப் பாருங்க. மலை மேல இருந்து வழியுற மழைத்தண்ணி பாறையோட ஒட்டிக்கிட்டே உள்ள வந்து படுக்கைய நனைக்கும்ல, அது நடக்கக்கூடாதுன்னு குறுக்க வெட்டினது, தண்ணி அந்த விளிம்புக்கு வந்ததும் அங்கயே சொட்டி வெளிய விழுந்துரும், உள்ள கல்படுக்கை தலைமாட்டு மேட்டோட காஞ்சே கெடக்கும். மழை பேஞ்சு விட்ட நேரத்துல போனா இன்னைக்கும் வேலை செய்யுறதைப் பாக்கலாம். ரெண்டாயிரம் வருஷத்து வாட்டர்ப்ரூஃபிங், நம்ம வீட்டு மொட்டை மாடி ரெண்டு வருஷம் தாங்க மாட்டேங்குது.

பக்கத்துல அரிட்டாபட்டி. தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலம்னு 2022 நவம்பர்ல அறிவிச்ச ஊர், 193 ஹெக்டேர் சொச்சம், ராஜாளி வகைங்க பறக்குறதைப் பாக்கலாம், பாண்டியர் காலத்துக் குடைவரை சிவன் கோயிலும் இருக்கு. அந்தப் பக்கம்தான் டங்ஸ்டன் சுரங்கம் வருதுன்னு 2024 கடைசியில ஊர் ஊரா திரண்டாங்க, 2025 ஜனவரியில ஏலத்தை ரத்து பண்ணினாங்க.

ஒரே ஒரு எச்சரிக்கை, சாமி பூதத்துக்கு எல்லாம் பயப்படாதீங்க, மலைத்தேனீக்கு பயப்படுங்க. பாறை நெத்தியில கறுப்பா தட்டு மாதிரி தொங்கினா கூடு. சென்ட் அடிச்சுட்டுப் போகாதீங்க, கூச்சல் போடாதீங்க, கீழ புகை போடுறவன் யாரா இருந்தாலும் அவனை விட்டு விலகி நடங்க. வௌவால் எச்சம் குமிஞ்சு கெடக்குற இருட்டு இடுக்குல நுழையாதீங்க, அந்தத் தூசில நுரையீரலைப் பிடிக்கிற பூஞ்சை இருக்கலாம். பாறையில பேரு எழுதுறவங்களைப் பத்தி பேச ஆரம்பிச்சா பக்கம் பத்தாது.

ஒரு தாய், மேலூர்: லீவு விட்டா என் மகன் கூட்டாளிகளோட பழைய கல்குவாரி கெடங்குக்குக் குளிக்கப் போயிடுறான். "கம்மாயில குளிக்கிறதுதானம்மா"ங்கிறான். என்ன சொல்லி நிறுத்துறது?

தாயி, அவனுக்கு இதை அப்படியே வாசிச்சுக் காட்டுங்க. தம்பி, கம்மாய்க்குக் கரை உண்டு, கணுக்கால், முழங்கால், இடுப்புன்னு தண்ணி உனக்குச் சொல்லிக்கிட்டே வரும். கிரானைட் குவாரிய வெட்டினது கல்லை சதுரம் சதுரமா எடுக்க, அதனால சுவரு நட்டக்குத்தலா இருக்கும், ஒரு எட்டு வச்சா அடுத்த எட்டுக்கு தரை கிடையாது. பச்சைத் தண்ணி தெளிவா இருக்குறதால ஆழம் கம்மி மாதிரி காட்டும். மேல வெதுவெதுன்னு இருக்கும், ஆள் உசரத்துக்குக் கீழ சில்லுனு மாறும், தசை பிடிச்சுக்கும். நல்லா நீச்சல் தெரிஞ்சவனும் ஏற முடியாம சாகுறது இதனாலதான், ஏறப் பிடி இருக்காது, அறுத்த கல்லு வழவழன்னு பாசி பிடிச்சிருக்கும். குதிக்கிறவன் கண்ணுக்குத் தெரியாம உள்ள விட்டுப்போன கல்லும் இரும்புக் கம்பியும் கெடக்கும். கூட்டாளி முங்கினா பின்னாடி குதிக்காத, வேட்டியோ கயிறோ காலி கேனோ தூக்கிப் போடு, 112-க்கு அடி.

இளைஞர், தேனி: கே.ஜி.எஃப். சுரங்கத்துக்குள்ள இறங்கிப் பாக்க முடியுமா? இல்லன்னா கூடலூர் தேவாலா பக்கம் வெள்ளைக்காரன் காலத்து தங்கச் சுரங்கம் மூடாம கெடக்காமே, நாலு பேரா போகலாம்னு பிளான்.

பிளானை கேன்சல் பண்ணுங்க தம்பி. கே.ஜி.எஃப்.ங்கிற கோலார் தங்கவயல் 2001 பிப்ரவரி 28-ல மூடினது, கிட்டத்தட்ட 3,200 மீட்டர் ஆழம், அடியில பாறைச் சூடே 60 டிகிரிக்கு மேல, பம்பு நின்னதும் தண்ணி ஏறிருச்சு. உள்ள இறக்க யாரும் விடமாட்டாங்க. வெளிய இருந்து சயனைடு மண்மேட்டையும், நம்ம வட ஆற்காட்டு சனங்க தலைமுறை தலைமுறையா வாழ்ந்த லைன் வீடுகளையும் பாக்கலாம்.

தேவாலா, பந்தலூர் குழிகள் 1880 வாக்குல தங்கம் தங்கம்னு கம்பெனி கம்பெனியா வந்து தோண்டிட்டுப் போட்டுட்டுப் போனது. திருட்டுத்தனமா உள்ள போய் செத்தவங்களும் உண்டு. தண்ணி கரைச்ச குகையில விழவேண்டிய கல்லு பெரும்பாலும் எப்பவோ விழுந்து முடிஞ்சிருக்கும். சுரங்கம் வெடி வச்சுத் தோண்டினது, சுத்தி இருக்குற பாறை பூரா விரிசல், முட்டுக் குடுத்த மரம் மக்கிப் போயிருக்கும், நடக்குற வழியிலயே தண்ணிக்கடியில நேர்க்குழி இருக்கும், குட்டைன்னு நினைச்சு கால வைப்பீங்க. அதை விட மோசம் காத்து. மக்குற மரமும் துருப்பிடிக்கிற தாதுவும் ஆக்சிஜனைத் தின்னுரும், வாடையே வராது, தலை சுத்துதுன்னு சொல்றதுக்குள்ள கால் மடங்கிரும். நம்ம கிணறு தூர் வாருறவங்க முதல்ல விளக்கை இறக்கிப் பாக்குறது இதுக்குத்தான். அந்த விளக்கும் எரியுற வாயு இருக்குற சுரங்கத்துல ஆகாது, வெடிச்சிரும்.

சுரங்கத்தைப் பாத்தே ஆகணும்னா முறையான வழி இருக்கு. நாக்பூர் பக்கம் சாவ்னேர் நிலக்கரிச் சுரங்கத்துல 2016-ல டூரிஸ்ட் பயணம் ஆரம்பிச்சாங்க, ஹெல்மெட் மாட்டி ஆள் கூடவே வருவாங்க, இப்ப நடக்குதான்னு கேட்டுட்டு டிக்கெட் போடுங்க.

வாசகர், வத்தலக்குண்டு: கொடைக்கானல் குணா குகை சுண்ணாம்புக் குகையா?

இல்ல. ரெண்டு பாறைக்கு நடுவுல விழுந்த ஆழமான வெடிப்பு, வெள்ளைக்காரன் வச்ச பேரு டெவில்ஸ் கிச்சன். 2006-ல கேரளாப் பையன் ஒருத்தர் விழுந்து, கூட வந்தவரே கயிறு கட்டி இறங்கி மேல கொண்டு வந்தாரு. கம்பி வேலிக்கு இந்தப் பக்கமே நில்லுங்க.

வாசகர், செல்லூர்: மீனாட்சி அம்மன் கோயில்ல இருந்து அழகர்கோயிலுக்கு சுரங்கப்பாதை உண்டுன்னு எங்க தாத்தா சொல்லுவார். உண்மையா?

உங்க தாத்தா மட்டுமில்ல, மதுரையில எல்லாத் தாத்தாவும் சொல்லுவாங்க. இருபது கிலோமீட்டர், வழியில வைகை, அதுக்குக் கீழ கருங்கல்லு. காத்துக்கு வழி வேணும்னா நடுவுல எத்தனையோ இடத்துல மேல ஓட்டை போட்டிருக்கணும், அதுல ஒண்ணைக்கூட இதுவரைக்கும் யாரும் காட்டினதில்ல. போர்வெல் போடாத தெருவே இல்லாத ஊர் இது, ஒரு போராவது அதுல எறங்கியிருக்கணுமே.