மாடியில் சோலார் போடுமுன் மார்கழி நிழலைப் பாருங்கள்

கேள்வி: தஞ்சாவூரில் சொந்த வீடு. இரண்டு மாதத்துக்கு 450 யூனிட் ஆகிறது. 5 கிலோவாட் சோலார் போடச் சொல்கிறார்கள். போடுவதற்கு முன் என்னென்ன தெரிந்துகொள்ள வேண்டும்?

திருச்சியில் என் வீட்டு மாடியில் 3 கிலோவாட் போட்டு இரண்டாவது ஆண்டு ஓடுகிறது. போட்டதில் வருத்தமில்லை, போட்ட விதத்தில் உண்டு. அதனால்தான் இந்தப் பதில்.

உங்களுக்கு 5 கிலோவாட் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. நம் பக்கத்து வெயிலுக்கு 1 கிலோவாட், ஆண்டுச் சராசரியாக, நாளொன்றுக்கு 4 யூனிட் தரும் என்று வைத்துக்கொள்ளலாம். 2 கிலோவாட் போட்டாலே இரண்டு மாதத்தில் 480 யூனிட். உங்கள் செலவு அதிலேயே அடங்கிவிடுகிறது. அதிலும் முதல் 100 யூனிட்டுக்கு நீங்கள் இப்போதே காசு கொடுப்பதில்லை. சோலார் குறைப்பது உங்கள் கணக்கின் மேல்படியில் இருக்கும் விலை கூடிய யூனிட்டுகளைத்தான் முதலில்; கீழே இறங்க இறங்க மிச்சமாகும் தொகை சுருங்கும். எங்கள் வீட்டில் இரண்டு ஏசி, 700 யூனிட். 500ஐத் தாண்டினால் கீழ்ப்படிகளின் கட்டணமும் ஏறிவிடும் என்பதால் எனக்கு 3 கிலோவாட் கட்டுப்படியானது. மின் அட்டையை எடுத்து ஓராண்டுக் கணக்கைப் பார்த்தபின் முடிவு செய்யுங்கள். ஏசி வாங்கும் எண்ணம் இருந்தால் மட்டும் 3க்குப் போகலாம்.

மானியமும் அதோடு நின்றுவிடுகிறது. 2024இல் வந்த பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்கு, கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000. ஆக 78,000 ரூபாய்தான் உச்சம். 5 போட்டாலும் அதே 78,000. விற்பவர் "மானியம் போக இவ்வளவுதான் சார்" என்றுதான் விலை சொல்வார். ஆனால் எல்லாம் பொருத்தி, நெட் மீட்டர் (லைனிலிருந்து நாம் எடுப்பதையும் லைனுக்கு நாம் கொடுப்பதையும் சேர்த்துக் கணக்கிடும் மீட்டர்) வைத்து, ஆய்வு முடிந்த பிறகே அந்தப் பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். அதுவரை கைக்காசோ கடனோ வேண்டும். இந்தியாவில் செய்த செல்களைக் கொண்டு இந்தியாவிலேயே செய்த பேனலாக இருந்தால்தான் மானியம்; அப்படிப்பட்ட பேனல்தான் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள்.

இனி நான் ஏமாந்த இடம். பேனல் பொருத்தியவர் சித்திரை மாதம் நண்பகலில் டேப்புடன் வந்தார். மாடியின் தெற்கு ஓரத்தில் படிக்கட்டு அறை. அதன் வடக்குச் சுவரை ஒட்டிக் குச்சி நிழல்கூட இல்லை. அங்கேயே ஆறு பேனலையும் வரிசையாக வைத்துவிட்டார். நானும் தலையாட்டினேன். ஏப்ரல் நடுவில் திருச்சிக்குச் சூரியன் நேர் உச்சியில் வரும், பிறகு ஆகஸ்ட் வரை உச்சிக்கு வடக்கேதான் நிற்கும் என்பது இருவருக்குமே உறைக்கவில்லை. மார்கழியில் அது தெற்கே சாய்ந்தது. வானம் பளிச்சென்று இருந்த நாளிலும் 7 யூனிட்டுக்கு மேல் ஏறவில்லை. மாடிக்குப் போய்ப் பார்த்தால் முதல் இரண்டு பேனல்களின் மேல் படிக்கட்டு அறை நிழல் போர்வைபோலக் கிடந்தது. எல்லாம் ஒரே சரமாகக் கோத்தவை. ஏரில் ஒரு மாடு நொண்டினால் மற்றதும் நிற்பதுபோல, நிழல் விழுந்த பேனல் மற்றவற்றையும் இழுத்துப் பிடித்தது. அவற்றை இடம் மாற்ற எனக்கு ஆறாயிரம் ரூபாய் தண்டம்.

மார்கழி வரை காத்திருக்க முடியாவிட்டால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த மாதத்தில் நம் ஊரில் 10 அடிச் சுவர் நண்பகலில் வடக்கே ஏறக்குறைய 7 அடி நிழல் தரும். காலை 9 மணிக்கு வடமேற்கே சாய்ந்து 15 அடியைத் தாண்டும். தண்ணீர்த் தொட்டிக்கும் பக்கத்து வீட்டுத் தென்னைக்கும் இதே கணக்குதான். தென்னை வளரவும் செய்யும்.

இடம் மாற்றியபோது, பேனலுக்குக் கீழே வடாம் காயப்போட இடம் வேண்டும் என்று அம்மா சொன்னதால் அதைத் தாங்கும் சட்டத்தை 7 அடிக்கு உயர்த்தினோம். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள்; இது பேனல். 2018இல் கஜா புயல் உங்கள் மாவட்டத்தில் செய்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். உயர்த்தினால் துத்தநாகப் பூச்சு ஏறிய கனமான இரும்பு வேண்டும், குறுக்குச் சட்டமும் வேண்டும். தளத்தைத் துளைத்து போல்ட் இறக்க விடாதீர்கள். ஐப்பசி மழையில் ஒழுகும். கான்கிரீட் பீடம் கட்டச் சொல்லுங்கள். எர்த்துக்குத் தனித்தனிக் குழிகள் தோண்டுகிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.

போர் தண்ணீரில் கழுவினால் கண்ணாடியில் உப்பு படியும். நல்ல தண்ணீர், விடிகாலை.

கடைசியாக ஒன்று. பொருத்திய வாரமே காலை 11 மணிக்கு மின்தடை. மின்விசிறி நின்றது. "என்னப்பா, மாடி முழுக்க வெயில் அடிக்கிறது, இது ஏன் நின்றுவிட்டது?" என்றார் அம்மா. பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு இணைந்து ஓடும் ஆன்கிரிட் அமைப்பு, லைனில் மின்சாரம் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்பவர்மேல் நம் மாடி மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. ஆகவே வீட்டில் இருக்கும் பழைய இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். நான் போட்டுவிட்டு, அடுத்த மாதமே புதிதாக வாங்கினேன்.