மின்வெட்டில் வழிந்த நீரும் நான்காம் நாள் செத்த மீன்களும்

கேள்வி: வீட்டில் 120 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் உள்ள கண்ணாடித் தொட்டியைத் துளையிட்ட தடுப்புகளால் மூன்றாகப் பிரித்து, மூன்று ஜோடி கோமாளி மீன்கள் வளர்க்கிறேன். அதன் அடியில் 90 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரத்தில் நானே கண்ணாடி ஒட்டி ஒரு சம்ப் (மேல்தொட்டியிலிருந்து இறங்கும் நீரை வடிகட்டி, மோட்டாரால் திரும்ப மேலே அனுப்பும் கீழ்த்தொட்டி) செய்து, 30 செ.மீ. உயரத்துக்குக் கடல் நீர் நிரப்பியிருந்தேன். மோட்டார் குழாயின் வாய் மேல்தொட்டி நீருக்குள் 10 செ.மீ. ஆழத்தில் இருக்கிறது. போன மாதம் இரவு மின்வெட்டில் சம்ப் நிரம்பித் தரையெல்லாம் வழிந்துவிட்டது. மறுநாள் சம்பைக் காலி செய்து, உள்ளிருந்த கிளிஞ்சல், பஞ்சு எல்லாவற்றையும் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி வெயிலில் காயவைத்து, புதிய கடல் நீரில் மீண்டும் ஓட்டினேன். நான்காம் நாள் இரண்டு ஜோடி மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிச் செத்துவிட்டன. கடைக்காரர் பெரிய மோட்டார், நீரை ஒரே திசையில் மட்டும் விடும் திரும்பா வால்வு, பாக்டீரியா பாட்டில் மூன்றையும் வாங்கச் சொல்கிறார். சம்பில் பவளக் கல் போட்டாலும் நல்லது என்கிறார். சம்பை இன்னும் எவ்வளவு பெரிதாகக் கட்ட வேண்டும்?
- ஒரு வாசகி, மண்டபம் அருகே

பதில்: சகோதரிக்கு, உங்கள் சம்ப் சிறியதன்று, குழாயின் வாய்தான் ஆழத்தில் இருக்கிறது. மோட்டார் நின்றவுடன் அதே குழாய் சைஃபனாக மாறி, தன் வாய் வெளியே தெரியும்வரை மேல்தொட்டி நீரைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். 120-ஐ 45-ஆலும் 10-ஆலும் பெருக்கினால் 54,000 கன செ.மீ., அதாவது 54 லிட்டர் வருகிறது. உங்கள் சம்பில் காலியாக இருந்த இடமோ 36 லிட்டர்தான். மிச்சம் 18 லிட்டரும் குழாயில் நின்ற நீரும் தரைக்கு வந்திருக்கின்றன. குழாயின் வாயை நீர்மட்டத்துக்கு 2 செ.மீ. கீழே உயர்த்திவிட்டால், இறங்கும் நீர் ஏறக்குறைய 11 லிட்டராகக் குறைந்துவிடும். மேல்தொட்டி நீரைச் சம்புக்கு இறக்கும் வடிகுழாயின் விளிம்பும் அதைவிடத் தாழ்வாக இருக்கக் கூடாது. அதன்பின் பகலில் நீங்கள் அருகில் இருக்கும்போது மோட்டாரை வேண்டுமென்றே நிறுத்தி, நீர் எங்கே போய் நிற்கிறது என்று பார்த்து, சம்ப் கண்ணாடியில் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டு வையுங்கள்.

திரும்பா வால்வை நான் யாருக்கும் சொல்வதில்லை. கடல் நீரில் அதன் மடலில் உப்பும் பாசியும் குழாய்ப் புழுக்களும் படிந்துவிட, புதிதாக மாட்டியபோது நன்றாக மூடிய வால்வு சில மாதங்களில் பாதி திறந்தபடியே நிற்கும். பெரிய மோட்டாரோ நிலைமையை மோசமாக்கும். அது ஏற்றும் நீரை வடிகுழாயால் கீழே இறக்க முடியாவிட்டால், சம்புக்குப் பதிலாக மேல்தொட்டியே வழியும். உங்கள் தொட்டிக்கு மணிக்கு 1,000 லிட்டர் ஓட்டம் போதும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் அளவு நீரை மேலே ஏற்றாத நிலையில் கிடைப்பது என்பதால், வாங்கும் முன் ஒரு மீட்டர் உயரத்துக்கு ஏற்றினால் எவ்வளவு தரும் என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லத் தெரியாத கடையில் மோட்டார் வாங்காதீர்கள்.

இனி, நீங்கள் கேட்காமல் விட்ட கேள்விக்கு வருகிறேன். மின்வெட்டு நடந்தது முதல் இரவு. மீன்கள் செத்தது நான்காம் நாள். தரையில் வழிந்த நீர் எந்த மீனையும் கொல்லவில்லை. மறுநாள் நீங்கள் செய்த சுத்தம்தான் கொன்றது.

நம் ஊரில் சம்ப் என்றால் வீட்டுத் தரைக்கடியில் குடிநீர் சேர்க்கும் தொட்டி. ஆண்டுக்கொருமுறை அதைத் தேய்த்துப் பிளீச்சிங் போடுவது நல்ல பழக்கம். பெயர் ஒன்றாக இருப்பதாலோ என்னவோ, மீன் தொட்டியின் சம்புக்கும் பலர் அதே மருந்தைப் போடுகிறார்கள். உங்கள் கிளிஞ்சல்களின் மேல் பழுப்பாக, வழுவழுப்பாகப் படிந்திருந்ததே, அதை அழுக்கு என்று நினைத்தீர்கள். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்களின் வீடு அது. அவை நீரில் மிதந்து திரிவதைவிடப் பரப்புகளில் ஒட்டியே பெரும்பாலும் வாழ்வதால், நீரை மாற்றினாலும் தொட்டி பிழைக்கும், கிளிஞ்சலைக் கழுவினால் பிழைக்காது. கடல் நீர் வளர்ப்பில் இந்தத் தவறுக்கு மன்னிப்பும் குறைவு: ஒரே அளவு அம்மோனியாவில் நஞ்சாக இருக்கும் பங்கு, நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7-லிருந்து 8-க்கு ஏறும்போது ஏறக்குறைய பத்து மடங்காகிறது. கடல் நீரோ 8-க்கு மேலேதான் இருக்கிறது.

ஆகவே கிளிஞ்சல் முழுவதையும் மூன்று நைலான் வலைப் பைகளில் பிரித்துக் கட்டிப் போடுங்கள். மாதம் ஒரு பையை மட்டும், தொட்டியிலிருந்தே எடுத்த பழைய கடல் நீர் நிறைந்த வாளியில் இரண்டு முறை முக்கி எடுங்கள். குழாய் நீரைக் காட்டாதீர்கள், காயவிடாதீர்கள். பஞ்சு வேறு விஷயம். அது மண்டியைப் பிடிக்க வைத்தது, அதை வாரந்தோறும் அலசலாம், மாற்றலாம். புதிதாக இன்னொரு தொட்டி தொடங்க நினைத்தால், நோயில்லாத இந்தச் சம்பிலிருந்து ஒரு பையைத் தூக்கி அதில் வையுங்கள். அதைவிடச் சிறந்த பாக்டீரியா மருந்தை எந்தக் கடையிலும் விற்கவில்லை. வெயில் அடிக்கும் அலமாரியில் எத்தனை மாதம் இருந்ததென்று தெரியாத பாட்டிலில் உயிரோடு என்ன மிஞ்சியிருக்கும் என்பதை விற்பவரும் அறியமாட்டார். அந்தப் பணத்தில் அம்மோனியா சோதனைக் கிட் ஒன்று வாங்கி, ஒரு மாதத்துக்கு நாள் தவறாமல் பாருங்கள். கடல் நீரில் பாக்டீரியா மீண்டும் நிலைபெற 30 முதல் 45 நாள் ஆகலாம். அதுவரை தீனியைப் பாதியாகக் குறைத்து, அம்மோனியா தெரிந்த அன்றே கால் பங்கு நீரை மாற்றுங்கள்.

பவளக் கல் பேச்சை இத்துடன் விடுங்கள். 2001-லிருந்து பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. செத்த கல்லுக்கும் விலக்கில்லை. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளுக்குப் பக்கத்திலேயே இருக்கும் உங்களிடம் இதை யோசனையாகச் சொல்லும் வியாபாரி, மாட்டிக்கொண்டால் உங்களோடு வந்து நிற்கமாட்டார். பவளக் கல் செய்யும் வேலையைக் கிளிஞ்சலே செய்யும்.

சம்புக்குள் மோட்டார் இருக்கும் கடைசி அறையின் நீர்மட்டத்தைத் தினமும் கவனியுங்கள். மற்ற அறைகளைத் தடுப்புக் கண்ணாடி ஒரே மட்டத்தில் பிடித்து வைப்பதால், குறைவு முழுவதும் அங்கேதான் தெரியும். ஆவியாகிக் குறைந்ததற்கு நன்னீர் ஊற்ற வேண்டும், ஏனெனில் உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. வழிந்து குறைந்ததற்குக் கடல் நீர் ஊற்ற வேண்டும். இரண்டையும் மாற்றி ஊற்றிவிட்டு மீன் மந்தமாக இருக்கிறது என்று எழுதுபவர்கள் பலர்.

தப்பிய ஜோடி முட்டையிட்டால், வெப்பத்தைப் பொறுத்து ஆறு முதல் எட்டு நாளில், விளக்கணைத்த பிறகு இருட்டில் குஞ்சு பொரியும். பொரிக்கும் என்று எதிர்பார்க்கும் மாலையில் வெளிச்சம் இருக்கும்போதே மோட்டாரை நிறுத்தி, காற்றுக்கல்லை மட்டும் ஓட விடுங்கள். அந்த 11 லிட்டர் நீர் முதலிலேயே சம்புக்கு இறங்கிவிடும். பொரித்த பிறகு நிறுத்தினால், அதனோடு குஞ்சுகளும் இறங்கிவிடும்.