சாயங்காலக் கண்மாயும் கறுத்துப்போன பறவைகளும்

வணக்கம் ஐயா,

பள்ளத்தூர்ப் பக்கம் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு கண்மாய்க்கரையில் நடப்போம். பறவைகள் நிறைய இருக்கின்றன. ஆனால் எல்லாமே கறுப்பாகத் தெரிகின்றன, கிட்டே போவதற்குள் பறந்துவிடுகின்றன. மூத்தவன் பைனாகுலர் கேட்கிறான். வாங்கலாமா? இல்லை, வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்குப் போனால்தான் ஒழுங்காகப் பார்க்க முடியுமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கண்மாயே போதும். போகும் நேரத்தை மட்டும் மாற்றுங்கள்.

நம் பக்கத்து நிலம் வடமேற்கிலிருந்து தென்கிழக்காகச் சரிகிறது. மேற்கேயிருந்து ஓடிவரும் மழைத் தண்ணீரைக் கிழக்கே மறித்துத்தான் பெரும்பாலும் கரை போட்டிருப்பார்கள். அந்தக் கரையில் சாயங்காலம் நின்றால் சூரியன் நேரே கண்ணில் அடிக்கும். பறவையின் நிழலுருவம்தான் தெரியும், நிறம் தெரியாது. அதே கரையில் விடிந்ததிலிருந்து எட்டரை மணி வரை நின்று பாருங்கள். வெயில் உங்கள் முதுகில் இருக்கும், பறவைமேல் முழு வெளிச்சமும் விழும். நீங்கள் கொக்கு என்று நினைத்தது வெள்ளை அரிவாள் மூக்கனாக இருக்கும். அதன் தலை, கழுத்து, அலகு, கால்கள் கறுப்பு.

பறந்துவிடுவதற்குக் காரணம் கரை உச்சியில் நடப்பது. உச்சியில் நடக்கிறவர் உருவம் வானத்துக்கு எதிரே முழுசாகத் தெரியும். கரைக்கு வெளிப்புறம், வயல் பக்கமாகக் கீழேயே நடந்து போங்கள். மடை இருக்கும் இடத்தில் மட்டும் மெதுவாக ஏறி, தலை தெரிந்த உடனே உட்கார்ந்துவிடுங்கள். பத்து நிமிஷம் அசையாமல் இருந்தால் ஒதுங்கிப் போனவை திரும்ப வரும். மேய்கிற பறவை தலையைத் தூக்கி உங்களையே பார்க்கிறது என்றால் அதுதான் எல்லை, அதற்குமேல் ஓரடிகூட வைக்கக்கூடாது. வெள்ளைச் சட்டையும் பளிச்சென்ற நிறங்களும் வேண்டாம்.

பிள்ளைகளுக்கு முதலில் நத்தைகுத்தி நாரையைக் காட்டுங்கள். அலகை மூடினாலும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கும், அதன் வழியாக அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரியும். குஞ்சுகளுக்கு அந்த இடைவெளி கிடையாது, வளர வளரத்தான் வரும். நத்தையை அந்தச் சந்தில் வைத்து நசுக்குகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அலகு நுனியை உள்ளே செருகி, சதை ஓட்டோடு ஒட்டியிருக்கும் இடத்தை அறுத்து இழுத்துவிடும். அதனால்தான் கண்மாய் ஓரத்தில் உடையாத வெறும் நத்தை ஓடுகள் அப்படிக் கிடக்கின்றன. ஒன்றைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, கீறல் இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். ஒரு காலை நேரம் அதிலேயே போய்விடும்.

மடைக்கல்லில் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் வெண்மார்பு மீன்கொத்தி. தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, தலைகீழாகப் பாய்வது கறுப்பு வெள்ளை மீன்கொத்தி. ஊருணியில் முக்குளிப்பான் இருந்தால், முங்கியதும் பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். எங்கே எழும்பும் என்று பந்தயம் கட்டலாம். குடிதண்ணீர் ஊருணியாக இருந்தால் படியோடு நிற்க வேண்டும், காலை நனைக்கக்கூடாது.

பைனாகுலர் வாங்கலாம், 8×42 போதும். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன்கண்ணாடியின் அகலம், மில்லிமீட்டரில். 10×50 இன்னும் பெரிதாகக் காட்டும். ஆனால் கனம் அதிகம், கை நடுக்கமும் பத்து மடங்காகத் தெரியும், சிறுவனுக்கு ஒத்துவராது. வாங்கியதும் வலது கண்ணை மூடி, நடுச்சக்கரத்தைத் திருப்பி இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடது கண்ணை மூடி, வலப்பக்க வளையத்தை மட்டும் திருப்புங்கள். இதைச் செய்யாமல்தான் பலரும் தலைவலிக்கிறது என்று அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் கண்வைக்கும் ரப்பரை உள்ளே மடக்கிக்கொள்ள வேண்டும். பறவைமேல் வைத்த கண்ணை எடுக்காமல் கருவியைக் கண்ணுக்குக் கொண்டு வரப் பழக்குங்கள். குனிந்து கருவியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் பறவை எங்கே என்று மறுபடி தேட வேண்டியிருக்கும்.

வேட்டங்குடி நம் சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூருக்குப் பக்கம்தான். 1977-இல் சரணாலயம் ஆனது. கொள்ளுகுடிப்பட்டிக் கண்மாய்களும் அதில் சேர்த்தி. கூட்டில் குஞ்சு இருக்கும் என்று தீபாவளிக்கு வெடி போடாத ஊர் அது. அந்த மக்களை எத்தனை கும்பிட்டாலும் தகும். ஐப்பசி மழையில் கண்மாய் நிரம்பிய பிறகு, மார்கழி, தை மாதங்களில் போங்கள். கூடு இருக்கும் மரத்துக்குக் கீழே மட்டும் போக வேண்டாம். தாய் எழுந்து பறந்த கொஞ்ச நேரத்தில் காகம் முட்டையைத் தூக்கிவிடும், வெயிலில் குஞ்சு வாடிவிடும்.

பங்குனிக்கு மேல் தண்ணீர் வற்றிய பொட்டலில் ஆள்காட்டிக் குருவி தலைக்குமேல் சுற்றிச் சுற்றிக் கத்தினால், பக்கத்தில் எங்கோ வெறுந்தரையில் முட்டை இருக்கலாம். மண்ணோடு மண்ணாக இருக்கும், மிதித்த பிறகுதான் தெரியும். காலடியைப் பார்த்து, வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். சீமைக் கருவேல முள் செருப்பைத் துளைத்து ஏறும், கரைப்புல்லில் கண்ணாடி விரியனும் இருக்கும். மண் அள்ளிய கண்மாயில் முழங்கால் தண்ணீருக்கு அடுத்த அடியே ஆள் மட்டத்துக்குப் பள்ளம் இருக்கலாம். பிள்ளைகளைக் கரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.