கேளுங்கள், எழுதுகிறோம்: தூங்கும்போது புலன்கள் எங்கே போகின்றன?

தூக்கத்தைப் பற்றிச் சென்ற இதழில் வெளிவந்த சிறு பதிலொன்று இத்தனை கடிதங்களை வரவழைக்கும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. அவற்றுள் ஐந்தை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம். கேட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்து, வட்டாரத்தை மட்டும் குறிப்பிட்டுள்ளோம்.

ஈசூன் வாசகி: எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுச் சன்னலுக்கு நேரெதிரே எம்ஆர்டி ரயில் ஓடுகிறது. விடியற்காலை முதல் ரயில் கடகடவென்று போனாலும் எனக்குத் தெரிவதில்லை. பக்கத்து அறையில் பேரன் ஒரு முறை இருமினால் உடனே எழுந்துவிடுகிறேன். ஆனால் சென்ற மாதம் அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு மதியம் சற்றே கண்ணயர்ந்தேன். பருப்பு தீய்ந்து, சட்டி கரியாகி, கூடம் முழுவதும் புகை சூழ்ந்தும் எனக்கு வாடை தெரியவில்லை. எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா கதவைத் தட்டிய பிறகுதான் எழுந்தேன். என் மூக்கில் ஏதேனும் கோளாறா?

விழித்திருக்கும்போது கோப்பியின் மணமும் மல்லிகையின் மணமும் உங்களுக்கு ஒழுங்காகத் தெரிகின்றன என்றால், அம்மா, உங்கள் மூக்கைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தூங்குபவரின் மூக்கு எல்லாருக்குமே அப்படித்தான்.

தூங்கும்போது காது மூடிக்கொள்வதில்லை. உட்செவி தன் வேலையைச் செய்துகொண்டேதான் இருக்கிறது. ஒலி நரம்பு வழியாக மூளைக்குள் வந்து சேர்ந்த பின்னர், தாலமஸ் என்னும் நடுப்பகுதியில் அது வடிகட்டப்படுகிறது. பார்வை, ஒலி, தொடுகை ஆகிய மூன்றும் மூளையின் மேற்பரப்புக்குச் செல்லுமுன் கடக்க வேண்டிய வாசல் அது. தூக்கம் சற்று ஆழ்ந்ததும், தாலமசும் மேற்பரப்பும் சேர்ந்து வினாடிக்கு 11 முதல் 16 துடிப்புகள் கொண்ட குறுகிய அலைக்கொத்துகளை எழுப்புகின்றன. நூல் சுற்றிய நூற்புக்கதிர் போல நடுவில் பருத்து இருபுறமும் கூம்பியிருப்பதால் அவற்றைத் தூக்கக் கதிர்கள் என்பார்கள். இவை மிகுதியாகத் தோன்றுபவர்கள் சத்தத்துக்கு இடையிலும் கலையாமல் தூங்குகிறார்கள் என்று 2010ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு காட்டியது. உங்கள் ரயில் அங்கேயே நின்றுவிடுகிறது. பல ஆண்டுகளாகக் கேட்டு, பொருளற்றது என்று மூளை ஒதுக்கிவைத்த ஒலி அது. பேரனின் இருமல் அப்படியன்று. தூங்குபவரின் காதருகே பல பெயர்களை ஒலிக்கச் செய்தபோது, அவரவர் பெயருக்கே மூளை கூடுதலாக அசைந்து கொடுத்தது என்பதை 1960ஆம் ஆண்டிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஆகவே, தூக்கத்தில் மூளை ஒலியின் அளவை மட்டும் பார்ப்பதில்லை. அந்த ஒலி நமக்கு யார் என்பதையும் பார்க்கிறது.

மணத்தின் பாதை வேறு. அது தாலமஸ் வாசலுக்குப் போகாமலேயே மூளையின் மணப்பகுதியை நேராக அடைந்துவிடுகிறது. காவலில்லாத வழி என்பதால் மணம்தான் நம்மை முதலில் எழுப்பும் என்று எண்ணத் தோன்றும். நடப்பதோ நேர்மாறு. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் மேரி கார்ஸ்கடனும் ரேச்சல் ஹெர்சும் 2004இல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வில், தூங்குபவர்களின் மூக்கருகே புதினா மணத்தையும், பிரிடின் என்னும் நாற்றமடிக்கும் வேதிப்பொருளையும் செலுத்தினார்கள். கண்ணயரும் தொடக்க நிலையில் இருந்தவர்கள் அதை உணர்ந்தார்கள். அதைத் தாண்டிய பிறகு எழுந்தவர்கள் மிகக் குறைவு. அதே ஆட்கள் ஒலிக்கு எழுந்தார்கள். நீங்கள் வைத்தது மிளகாய் வற்றலாக இருந்து அது கருகியிருந்தால் ஒருவேளை தும்மிக்கொண்டே எழுந்திருப்பீர்கள். அது மணத்தால் அன்று. மூக்கிலும் கண்ணிலும் உள்ள வேறொரு நரம்பைக் குத்தும் எரிச்சலால்.

இதனால்தான் வீட்டுக்குப் புகை உணர்ந்து ஒலியெழுப்பும் கருவி தேவைப்படுகிறது. 2018 ஜூன் 1 முதல் சிங்கப்பூரில் புதிதாகக் கட்டப்படும் எல்லா வீடுகளிலும் அது கட்டாயம். உங்களுடையது அதற்கு முந்திய வீடாக இருந்தால் நீங்களாகத்தான் வாங்கி மாட்ட வேண்டும். பருப்பு வேகும்போது நாற்காலியில்கூடச் சாய வேண்டாம்.

சிராங்கூன் வாசகர்: விடுமுறைக்கு எங்கு போனாலும் முதல் இரவு மட்டும் தூக்கம் வருவதில்லை. மெத்தை எவ்வளவு மெத்தென்றிருந்தாலும் இதே கதைதான்.

மெத்தையின் தவறன்று. புதிய இடத்தில் முதல் இரவு மூளையின் இடப்பாதி வலப்பாதியைவிட மேலோட்டமாகத் தூங்குவதையும், வலக்காதில் எழுப்பிய ஒலி ஆட்களை விரைந்து எழுப்பியதையும், அதே பிரவுன் பல்கலைக்கழகத்தில் 2016இல் அளந்து காட்டினார்கள். வாத்தும் ஓங்கிலும் (டால்பின்) மூளையின் ஒரு பாதியை விழிக்கவைத்து உறங்குவதைப் போன்ற ஒரு மிச்சம் நம்மிடமும் இருக்கிறது. இரண்டாம் இரவில் அது பெரும்பாலும் போய்விடும். முக்கியமான நேர்காணலுக்கோ திருமணத்துக்கோ வெளியூர் செல்கிறீர்கள் என்றால், ஒரு நாள் முன்னதாகவே போய்விடுங்கள்.

உட்லண்ட்ஸ் வாசகர்: என் மகன் உயர்நிலை இரண்டில் படிக்கிறான். இரவு பன்னிரண்டுக்கு முன் படுக்கையில் போட்டாலும் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். காலை ஐந்தரைக்கு எழுப்புவதற்குள் அவன் அம்மாவுக்குத் தொண்டை வறண்டுவிடுகிறது. கைப்பேசிதான் காரணம் என்கிறேன் நான். சோம்பல் என்கிறார் அவன் தாத்தா. யார் சொல்வது சரி?

தாத்தா சொல்வது நிச்சயமாகச் சரியன்று. நீங்கள் சொல்வது பாதி சரி.

தூக்கத்தை இரண்டு விசைகள் நடத்துகின்றன. ஒன்று, விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் சேர்ந்துகொண்டே போகும் தூக்கக் கடன். அடினோசின் என்னும் பொருள் அதில் பெரும்பங்கு வகிக்கிறது. மற்றொன்று உடலின் கடிகாரம். இரு கண்களின் நரம்புகளும் குறுக்கே கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு கொத்து அது. விடப்பட்டால் அந்தக் கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சற்றே கூடுதலாக ஓடும். நாள்தோறும் அதைத் திருத்தி வைப்பது வெளிச்சம். உருவங்களைக் காண்பதற்கல்லாமல், வெளிச்சம் உண்டா இல்லையா என்று அளப்பதற்காகவே விழித்திரையில் சில அணுக்கள் உள்ளன. நீல ஒளிக்கு அவை மிகவும் கூருணர்வு கொண்டவை. இரவில் அவற்றின் மீது ஒளி பட்டால், இரவு வந்துவிட்டதை உடலுக்கு உணர்த்தும் மெலடோனின் என்னும் இயக்குநீரின் சுரப்பு தள்ளிப்போகிறது. கைப்பேசியைப் பற்றிய உங்கள் குற்றச்சாட்டில் உண்மை இருப்பது இந்த அளவுக்குத்தான். என் கருத்தில், திரையின் ஒளியைவிடத் திரையில் ஓடும் அரட்டைதான் பிள்ளைகளை விழிக்கவைக்கிறது.

பருவ வயதில் இந்தக் கடிகாரமே ஒன்று முதல் இரண்டு மணி நேரம் பின்தள்ளிப் போகிறது. ஒன்பது மணிக்குத் தம்பிக்குக் கண் சொக்கும்போது அண்ணனுக்கு அப்படி ஆவதில்லை. அவனுக்கோ எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் தேவை. அதை நீங்கள் கொடுப்பது ஐந்தரை மணி நேரம்.

இதனுடன் நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. சிங்கப்பூர் இருக்கும் தீர்க்கரேகைப்படி நம் கடிகாரம் கிரீனிச் நேரத்தைவிட 6 மணி 55 நிமிடம் முன்னே இருக்க வேண்டும். நாம் வைத்திருப்பதோ 8 மணி நேரம். அதுவரை ஏழரை மணி நேரமாக இருந்ததை, மலேசியா தன் தீபகற்பத்துக்கும் சபா, சரவாக் மாநிலங்களுக்கும் ஒரே நேரமாக மாற்றியபோது, நாமும் 1982 ஜனவரி 1 முதல் மாற்றிக்கொண்டோம். அந்தப் புத்தாண்டு இரவில் அரை மணி நேரம் காணாமற்போனது மூத்த வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். ஆக, உங்கள் மகன் எழும் ஐந்தரை மணி, சூரியன் கணக்கில் நாலரைக்கும் சற்று முன்பு. ஏழு மணியை ஒட்டித்தான் இங்கே பொழுது புலர்கிறது. பிள்ளை பேருந்து நிறுத்தத்தில் நிற்பது தெருவிளக்கின் கீழே என்பதை ஒரு நாள் கூடவே போய்ப் பாருங்கள்.

நன்யாங் பெண்கள் உயர்நிலைப் பள்ளி 2016இல் பள்ளி தொடங்கும் நேரத்தை ஏழரையிலிருந்து எட்டேகாலுக்குத் தள்ளியது. அம்மாணவியரை டியூக்–என்யுஎஸ் மருத்துவப் பள்ளி ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். கிடைத்த நேரத்தை மாணவியர் மேலும் பிந்திப் படுப்பதற்குச் செலவிடுவார்கள் என்ற பொதுவான அச்சம் பொய்த்தது. அவர்கள் கூடுதலாகத் தூங்கினார்கள், மனநிலையும் மேம்பட்டது. உங்கள் மகனின் பள்ளி மாறும்வரை நீங்கள் காத்திருக்க முடியாதுதான். இரவு ஒன்பதுக்கு முடியும் துணைப்பாட வகுப்பு இருந்தால் அதை வார இறுதிக்கு மாற்றுங்கள். பத்து மணிக்கு மேல் கூடத்தின் வெள்ளை விளக்கை அணைத்துவிட்டு, மங்கிய மஞ்சள் விளக்கை ஏற்றுங்கள். பள்ளி இடைவேளையை உணவகத்தின் உள்மூலையில் கழிக்காமல் திடலின் வெளிச்சத்தில் கழிக்கச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிவரை தூங்கவிட்டால் திங்கட்கிழமை மேலும் கடினமாகும். ஒன்றிரண்டு மணி நேரம் கூடுதலாகத் தூங்கட்டும், அது கடன் அடைப்பு.

தேக்கா வாசகர்: மாலை ஆறு மணிக்குக் கோப்பி ஓ குடித்தாலும் தலை சாய்த்ததும் தூங்கிவிடுவேன். என்னை அது ஒன்றும் செய்வதில்லை.

தூக்கம் வருவதும் தூக்கம் ஆழ்வதும் வேறு வேறு. மேலே சொன்ன அடினோசின் போய் உட்கார வேண்டிய இருக்கையில் கஃபீன் முன்னதாகவே உட்கார்ந்துகொள்கிறது. குடித்ததில் பாதி உடலிலிருந்து நீங்க ஏறத்தாழ ஐந்து மணி நேரமாகும். படுக்கைக்கு ஆறு மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் கஃபீன் கொடுத்த 2013ஆம் ஆண்டு ஆய்வொன்றில், கருவி அளந்த தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்திருந்தது. உங்கள் ஒரு குவளையில் அவ்வளவு இராது. ஆனாலும் இரண்டு வாரம் கடைசிக் கோப்பியை மதியத்தோடு நிறுத்திவிட்டுப் பிறகு எழுதுங்கள்.

துவாஸ் தங்குவிடுதியிலிருந்து ஒருவர்: ஐயா, இரவு வேலை முடிந்து பகலில் தூங்கும்போது திடீரென்று விழிப்பு வருகிறது, கை கால் அசையவில்லை, நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள், கத்தினால் குரல் வரவில்லை. அமுக்குவான் பேய் என்று ஊரில் சொல்வார்கள். அறையில் ஒருவர் தாயத்துக் கட்டிக்கொள்ளச் சொன்னார். பயமாக இருக்கிறது.

தம்பி, பயப்பட வேண்டாம். உங்களுக்கு நேர்வது உலகம் முழுவதும் நேர்வதுதான். ஊருக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்.

கனவுகள் செறிந்த தூக்கத்தில் இமைக்குள் விழிகள் விரைந்து ஓடுகின்றன. 1953இல் சிகாகோவில் யூஜின் அசெரின்ஸ்கியும் நதானியேல் கிளைட்மனும் இதை உலகுக்கு அறிவித்தார்கள். கனவில் ஓடுவதை உடலும் செய்துவிடாதபடி, அந்த நேரத்தில் மூளைத்தண்டு கை கால் தசைகளை முடக்கிவைக்கிறது. கண்ணின் தசைகளும், மூச்சை இயக்கும் உதரவிதானமும் மட்டும் விதிவிலக்கு. சில வேளைகளில் அறிவு முன்னதாக விழித்துக்கொள்கிறது. பூட்டு திறக்கச் சில வினாடிகளோ ஓரிரு நிமிடங்களோ தாமதமாகிறது. கனவு இன்னும் கலையாததால் அறைக்குள் ஆள் நிற்பது போலத் தெரிகிறது. நெஞ்சுத்தசை தளர்ந்திருக்கையில் ஆழ்ந்து மூச்சிழுக்க முயல்வதால் பாரம் அழுத்துவதுபோல் இருக்கிறது. குறைந்த தூக்கமும், மாறி மாறி வரும் வேலை நேரமும், மல்லாந்து படுப்பதும் இதைத் தூண்டும்.

ஒருக்களித்துப் படுங்கள். அறைத் தோழர்களின் விளக்கு கண்ணில் படாதபடி கட்டில் ஓரத்தில் ஒரு கனத்த துணியைத் தொங்கவிடுங்கள். அடுத்த முறை வந்தால் முழு உடலையும் அசைக்கப் போராடாமல், ஒரு விரல் நுனியை மட்டும் அசைக்க முயலுங்கள். பலருக்கு அது உதவுகிறது. தாயத்து மனத்துக்குத் தெம்பு தருமானால் கட்டிக்கொள்ளுங்கள். அதற்காகக் கடன் மட்டும் வாங்க வேண்டாம். வாரந்தோறும் வந்தாலோ, பகலில் வேலையின் நடுவே அடக்க முடியாமல் தூக்கம் தள்ளினாலோ, தங்குவிடுதியின் மருத்துவரிடம் போய்ச் சொல்லுங்கள். உயரத்தில் ஏறியும் இயந்திரத்தின் அருகிலும் வேலை பார்ப்பவர் இதை ஒருபோதும் மறைக்கக் கூடாது.