மகன் ஸ்பிரிண்ட் கார் பந்தயத்தில் வேலைக்குச் சேருகிறேன் என்கிறான், என்ன செய்வது?

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் மகன், அதாவது நம் தம்பி, அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் மெக்கானிக்கல் எம்.எஸ். முதல் வருடம் படிக்கிறான். ஜனவரியில் நண்பர்களோடு டல்சாவுக்குப் போய் சில்லி பவுல் பந்தயம் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து, படிப்பு முடிந்ததும் மண் தடத்தில் ஓடும் ஸ்பிரிண்ட் கார் என்ற பந்தயக் காரின் அணி ஒன்றில் சேரப்போகிறேன் என்று நிற்கிறான். கல்விக் கடன் தலைக்கு மேல் இருக்கிறது, கோயம்புத்தூரில் லேத் பட்டறை நடத்தும் அவன் அப்பா பேச்சையே நிறுத்திவிட்டார், இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேலைதான். ஆனால் தம்பி கண் வைத்திருக்கும் இடத்தில் அது குறைவு, அதை ஒட்டிய இடங்களில் அதிகம். ஏன் அப்படி என்பது அந்தப் பந்தயத் தொடர்கள் எப்படி உருவாயின என்று பார்த்தால்தான் புரியும். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், அப்பாவையும் படிக்கச் சொல்லுங்கள்.

முதலில் கார். ஓட்டுபவரையும் சேர்த்து 650 கிலோவை ஒட்டிய எடை. தலைக்கு மேல் 25 சதுர அடியில் ஒரு பெரிய இறக்கை. பெரிய வகை எஞ்சின் 410 கன அங்குலம், அதாவது 6.7 லிட்டர், சுமார் 900 குதிரைத்திறன். எரிபொருள் மெத்தனால். ஓடுவது மண் தடத்தில். இந்தக் காருக்கு ஸ்டார்ட்டர் மோட்டாரும் கிடையாது, கிளட்சும் கிடையாது. பின்னால் ஒரு டிரக் வந்து முட்டித் தள்ளும். ஓட்டுபவர் கியரில் போட்டு, ஆயில் பிரஷர் மேலே வருகிறதா என்று பார்த்துவிட்டு இக்னிஷனைப் போடுவார். அடுத்த நொடி அந்த மைதானமே அதிரும். மெஷின் பிடித்த பையன் இதை ஒரு தடவை பக்கத்தில் நின்று பார்த்தால் தூக்கம் போய்விடும். தம்பியின் ஆசை பொய்யானது இல்லை, அதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள்.

இனி தொடர்கள். 1978க்கு முன்பு நல்ல ஓட்டுநர்கள் எந்த ஊரில் பரிசுத் தொகை அதிகமோ அங்கே காரை இழுத்துக்கொண்டு போவார்கள். எந்தச் சங்கத்துக்கும் கட்டுப்படாததால் அவர்களுக்கு ‘அவுட்லா’ என்று பெயர். டெட் ஜான்சன் என்பவர் அவர்களை ஒரே அட்டவணைக்குள் கொண்டுவந்து வேர்ல்ட் ஆஃப் அவுட்லாஸ் தொடரைத் தொடங்கினார். முதல் பந்தயம் டெக்சஸில் மெஸ்கீட் நகரின் டெவில்ஸ் பவுல் தடத்தில் நடந்தது. தொடர் பெரிதானது, செலவும் பெரிதானது. 410 எஞ்சின் ஒன்றுக்கே பல பத்தாயிரம் டாலர் ஆகும். வார நாளில் கடையோ பட்டறையோ பார்த்துவிட்டு வாரக் கடைசியில் கார் ஓட்டும் ஆட்களுக்கு இது கட்டுப்படியாகவில்லை.

அந்த ஆட்களுக்காக 1992ல் தொடங்கியதுதான் அமெரிக்கன் ஸ்பிரிண்ட் கார் சீரிஸ், சுருக்கமாக ஏ.எஸ்.சி.எஸ். தொடங்கியவர் டல்சாவைச் சேர்ந்த எம்மெட் ஹான். தம்பி பார்த்த சில்லி பவுலை 1987ல் லேனி எட்வர்ட்ஸோடு சேர்ந்து ஆரம்பித்தவரும் இவரே. (அங்கே ஓடுபவை மிட்ஜெட் என்ற சிறிய வகைக் கார்கள். ஸ்பிரிண்ட் கார் இன்னும் பெரியது.) ஹான் எடுத்த முடிவு எளிமையானது: எஞ்சின் 360 கன அங்குலம். அதன் சிலிண்டர் ஹெட், அதாவது சிலிண்டர்களை மேலே மூடும் பாகம், ஆர்கன்சாவில் மீனா என்ற சிற்றூரில் இருக்கும் பிராடிக்ஸ் கம்பெனி தொடருக்கென்றே வார்த்துக் கொடுப்பது. எல்லாருக்கும் ஒரே ஹெட் என்றால், பணம் படைத்தவர் அதிலே லட்சங்களைக் கொட்டி மற்றவர்களை ஓரங்கட்ட முடியாது. என் கணக்கில் அந்தத் தொடரை நிலைக்க வைத்தது இந்த ஒரு விதிதான்.

விதி ஒன்றாக இருந்ததால் அது பரவியது. தேசிய அளவில் ஒரு சுற்று. அதன் கீழே ஒக்லஹோமாவுக்கு சூனர், வளைகுடாக் கரைக்கு கல்ஃப் சவுத், மொன்டானாவுக்கு ஃபிரான்டியர் என்று வட்டாரத் தொடர்கள் உருவாயின. மொன்டானாவில் ஓட்டுபவர் தன் காரை அப்படியே டெக்சஸுக்குக் கொண்டுபோய் ஓட்டலாம். நம்மூரில் தேர்த் திருவிழாக்களைப் பின்தொடர்ந்து ஊர் ஊராகக் கடை போடுபவர்களை நினைத்துக்கொள்ளுங்கள், இந்த அணிகளின் பிழைப்பும் அப்படித்தான். தடத்தின் சொந்தக்காரர் தொடருக்கு ஒரு கட்டணமும் பரிசுப் பணமும் கொடுப்பார். டிக்கெட்டிலும் தின்பண்டக் கடையிலும் அதை அவர் திரும்ப எடுக்க வேண்டும். அன்றைக்கு மழை பெய்தால் யாருக்கும் காசு இல்லை. 2024 சீசன் முதல் ஏ.எஸ்.சி.எஸ்., வேர்ல்ட் ஆஃப் அவுட்லாஸை நடத்தும் வேர்ல்ட் ரேசிங் குரூப்பின் கைக்குப் போயிருக்கிறது. வட கரோலினாவின் கான்கார்டில் அலுவலகம், சொந்தமாக இணைய ஒளிபரப்பு எல்லாம் உள்ள கம்பெனி அது.

இப்போது தம்பியின் விஷயத்துக்கு வருவோம். வட்டாரப் பந்தயம் ஒன்றில் முதலிடம் வந்தால் கிடைப்பது பெரும்பாலும் சில ஆயிரம் டாலர். டயர், மெத்தனால், டீசல், ஓட்டல் எல்லாம் போக அதில் ஒரு பொறியாளருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்? பெரும்பாலான அணிகளில் கார் ஓட்டுபவரின் அப்பா, மாமா, பக்கத்து வீட்டுப் பையன் ஆகியோர்தான் ஊழியர்கள். பந்தயத்துக்குப் பந்தயம் காரைக் கழுவி, மண்ணைச் சுரண்டி, மெத்தனால் கலந்த ஆயிலை மாற்றி, பின் ஆக்சிலில் தடத்துக்கு ஏற்ற கியர் ஜோடியைப் போட்டு, வலது பின் டயரின் சுற்றளவை அளந்து வைப்பதற்குள் விடிந்துவிடும். பெரிய அணிகளில் சம்பளம் உண்டு. ஆனால் ஆட்கள் சில பேர்தான், வருடத்தில் பெரும்பகுதி சாலையில். அங்கே எம்.எஸ். பட்டத்தைவிட கனரக வாகன லைசென்ஸுக்கு மதிப்பு அதிகம், காரை ஏற்றிப்போகும் பெரிய டிரெய்லரை யாராவது ஓட்டியாக வேண்டுமே.

சரி, காரே ஓட்டலாம் என்ற ஆசை இருந்தால் அதை இப்போதே விட்டுவிடச் சொல்லுங்கள். அமெரிக்காவின் புகழ்பெற்ற கார் பந்தய வீரர் ஜெஃப் கார்டன் ஐந்து வயதில் குட்டிக் காரில் ஆரம்பித்தவர். பதின்ம வயதிலேயே அவர் ஸ்பிரிண்ட் கார் ஓட்டுவதற்காகக் குடும்பமே கலிஃபோர்னியாவை விட்டு இண்டியானாவுக்குக் குடிபெயர்ந்தது.

ஆபத்தையும் மறைக்க மாட்டேன். ஏ.எஸ்.சி.எஸ். தொடரில் பல முறை சாம்பியனாகி, 2016ல் அயோவாவில் நடக்கும் பெரிய ஸ்பிரிண்ட் கார் பந்தயமான நாக்ஸ்வில் நேஷனல்ஸை வென்ற லூசியானாக்காரர் ஜேசன் ஜான்சன், 2018ல் விஸ்கான்சினில் நடந்த விபத்தில் இறந்துபோனார். அவருடைய அணி கலையவில்லை. அடுத்த வருடமே அதே 41ஆம் எண் காரில் டேவிட் கிரேவல் நாக்ஸ்வில்லில் ஜெயித்தார். ஓட்டுபவர் இல்லாமல் போன பிறகும் ஓர் அணியைத் தூக்கி நிறுத்திய மெக்கானிக்குகளைப் பற்றித் தம்பி படிக்கட்டும். பிட் பகுதியில், அதாவது தடத்தை ஒட்டிக் காரைச் சரிசெய்யும் இடத்தில், வேலை பார்ப்பவருக்கும் அபாயம் உண்டு. மெத்தனால் தீப்பிடித்தால் பகல் வெளிச்சத்தில் சுடர் கண்ணுக்குத் தெரியாது.

அப்படியானால் வேலை எங்கே? அந்த ஒரே ஹெட்டை நினைத்துப் பாருங்கள். நாடு முழுவதும் ஒரே விதியில் கார்கள் ஓடுவதால், அவற்றுக்கான பொருள் செய்பவர்களுக்கு நிரந்தரச் சந்தை உருவானது. பிராடிக்ஸைச் சொன்னேன். பென்சில்வேனியாவில் வின்டர்ஸ் பின் ஆக்சில் செய்கிறது. இண்டியானாவில் ஹூசியர் டயர், இல்லினாயில் சேசிஸ் எனும் காரின் சட்டகம் செய்யும் மேக்சிம். வார்ப்பு, சி.என்.சி., வெல்டிங், ரப்பர், சோதனைக்கூடம் என்று மெக்கானிக்கல் படித்தவருக்கு நேரடி வேலை. பிறந்ததிலிருந்து லேத் சத்தம் கேட்டு வளர்ந்த பையனுக்கு இதைவிடப் பொருத்தம் என்ன வேண்டும்? அவன் அப்பா கோபப்பட வேண்டிய திசையே இது இல்லை. தொடர் நடத்தும் கம்பெனிகளிலும் தொழில்நுட்பப் பரிசோதனை, நேரக் கணக்கு, ஒளிபரப்பு என்று பிரிவுகள் உண்டு. வட கரோலினா சார்லட் பல்கலைக்கழகத்தில் மோட்டார்ஸ்போர்ட்ஸ் பொறியியலுக்கென்றே தனிப் பாடத்திட்டம் இருக்கிறது. அங்கே படித்தவர்களோடு தம்பி போட்டி போட வேண்டியிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் எனக்கு அதிகக் கவலை தருவது விசா. எஃப்-1 எனும் மாணவர் விசாவில் இருப்பவர் வளாகத்துக்கு வெளியே அனுமதியின்றி வேலை செய்யக்கூடாது. வாரக் கடைசியில் ஓர் அணிக்குச் சும்மா உதவி செய்கிறேன் என்று தம்பி போனால், அது சம்பளம் இல்லாத வேலையாகக் கருதப்பட்டுச் சிக்கல் வரலாம். கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொண்ட பிறகே பிட் பக்கம் போக வேண்டும். பட்டம் முடிந்ததும் படித்த துறையில் வேலை செய்ய 12 மாத அனுமதி (ஓ.பி.டி.), பொறியியலுக்கு மேலும் 24 மாதம். அந்த 24 மாதத்துக்கு முதலாளி ஈ-வெரிஃபை என்ற, ஊழியரின் வேலை அனுமதியைச் சரிபார்க்கும் அரசு இணைய அமைப்பில் பதிவு செய்திருக்க வேண்டும், பயிற்சித் திட்டம் எழுதித் தர வேண்டும், சம்பளம் கொடுக்க வேண்டும். குடும்பமாகச் சேர்ந்து நடத்தும் அணி எதுவும் இந்தக் காகித வேலைக்கு வராது. பாகம் தயாரிக்கும் கம்பெனி வரலாம். கடனை அடைக்கும் வழியும் அதுதான்.

இந்த வாரம் தம்பியோடு பேசும்போது ‘வேண்டாம்’ என்ற வார்த்தையை எடுக்காதீர்கள். இரண்டு செமஸ்டர் முடிந்திருந்தால் கோடையில் சி.பி.டி. என்ற, படிக்கும்போதே கிடைக்கும் பயிற்சி வேலை அனுமதி மூலம் இன்டர்ன்ஷிப் போகலாம். எஞ்சின், ஆக்சில், டயர், சேசிஸ் செய்யும் கம்பெனிகளில் பத்துப் பன்னிரண்டை அவனே பட்டியல் போடட்டும். ஒவ்வொன்றும் ஈ-வெரிஃபையில் இருக்கிறதா என்று அரசின் இணையத்தளத்தில் தேடிப் பார்த்துக் குறிக்கட்டும். கல்லூரியில் ஃபார்முலா எஸ்.ஏ.இ. (மாணவர்களே பந்தயக் கார் வடிவமைத்துச் செய்யும் போட்டி) அணி இருந்தால் உடனே சேரட்டும். அங்கே அவன் கையால் செய்த ஒரு பாகத்தின் படம் ரெஸ்யூமேயின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்தப் பட்டியலையும் ரெஸ்யூமேயையும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், யாருக்கு முதலில் எழுதுவது என்று அவனோடு உட்கார்ந்து பார்க்கிறேன். அதற்கு முன் அப்பாவிடம் போனைக் கொடுத்து, 360 எஞ்சினின் ஹெட் எப்படி வார்க்கப்படுகிறது என்று தம்பியிடம் கேட்கச் சொல்லுங்கள்.