ஃபோர்வீல் டிரைவ் வண்டியில் மைலேஜ் சட்டென்று குறைந்துவிட்டது, இன்ஜெக்டர் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஏழு இருக்கை டீசல் ஃபோர்வீல் டிரைவ், ஆட்டோமேட்டிக் கியர். லிட்டருக்குப் பதினொன்று கொடுத்துக்கொண்டிருந்த வண்டி நாலைந்து மாதமாக எட்டரையைத் தாண்டவில்லை. இடையில் பெரிய டயர் போட்டிருக்கிறீர்கள், கூரைமேல் கேரியர் ஏற்றியிருக்கிறீர்கள், சேறு, ஆறு என்று ஒரு நீண்ட சுற்றும் போய்வந்திருக்கிறீர்கள். இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நான்கு இன்ஜெக்டரையும் மெக்கானிக் மாற்றச் சொல்கிறார்.

இப்போதைக்கு மாற்றாதீர்கள். வண்டி கிளம்பத் திணறுகிறதா, ஐடிலில் தடதடவென்று அடிக்கிறதா, புகை தள்ளுகிறதா என்பதெல்லாம் உங்கள் கேள்வியில் இல்லை. மைலேஜ் மட்டும்தான் குறைந்திருக்கிறது என்றால் இன்ஜெக்டர் என் பட்டியலில் கடைசி. என் வண்டியும் இதே மாதிரி ஒருமுறை படுத்தியது. பத்தரையிலிருந்து 8.4-க்கு இறங்கியது. நானும் முதலில் இன்ஜினைத்தான் சந்தேகப்பட்டேன். டீசலில் ஊற்றும் கிளீனர் இரண்டு பாட்டில் ஊற்றினேன், ஏர் ஃபில்டர் மாற்றினேன். ஒரு புள்ளி அசையவில்லை.

(ஏர் ஃபில்டர் பற்றி ஒரு வார்த்தை. மைலேஜ் குறைந்தால் எல்லோரும் முதலில் கைவைப்பது அதில்தான். கார்புரேட்டர் காலத்தில் அதற்கு அர்த்தம் இருந்தது. இன்றைய பெட்ரோல் இன்ஜினில் உள்ளே வரும் காற்றை அளந்து அதற்கேற்பத்தான் கம்ப்யூட்டர் எரிபொருள் விடுகிறது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் சோதித்துப் பார்த்ததில், ஃபில்டர் அடைத்தால் இந்த வகை வண்டிகளில் பிக்கப்தான் குறைகிறது, மைலேஜ் பெரிதாக மாறவில்லை என்று வந்தது. அழுக்கானால் மாற்றுங்கள், ஆனால் லிட்டருக்கு இரண்டரை கி.மீ. அதற்குள் ஒளிந்திருக்காது.)

முதல் சந்தேகம் ஓடோமீட்டர் மேல் விழ வேண்டும். சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பதுதான் வண்டிக்குத் தெரியும், எவ்வளவு தூரம் போனது என்று தெரியாது. என் வண்டியில் கம்பெனி போட்டது 265/65 ஆர் 17 டயர். அதன் விட்டம் சுமார் 776 மி.மீ. நான் மாற்றியது 285/70 ஆர் 17, விட்டம் 831 மி.மீ. ஏழு சதவீதம் பெரிது. அதாவது நிஜத்தில் 107 கி.மீ. ஓடினால் மீட்டர் நூறு என்று எழுதிக்கொள்ளும். அந்த 8.4-ஐ 1.07-ஆல் பெருக்கினால் ஒன்பது. தொலைந்துபோன இரண்டு கி.மீ.யில் அரை கி.மீ.க்கு மேல் தொலையவே இல்லை, கணக்கில்தான் விடுபட்டிருந்தது. டேஷ்போர்டில் தெரியும் சராசரி மைலேஜும் இதே தூரத்தை வைத்துத்தான் போடப்படுகிறது, ஆகவே அதுவும் சாட்சிக்கு உதவாது. நெடுஞ்சாலையில் இருபது கிலோமீட்டர் கல்லை எண்ணிக்கொண்டு ஓடோமீட்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள், அல்லது போனில் ஜி.பி.எஸ். வைத்துப் பாருங்கள். உங்கள் டயருக்கு எதால் பெருக்க வேண்டும் என்ற எண் கிடைத்துவிடும்.

அளப்பதிலும் ஒரு கோளாறு நடக்கும். டீசல் நுரைக்கும். நுரை தொட்டதும் பம்பு துப்பாக்கி நின்றுவிடும், டேங்க் நிறைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். இரண்டு லிட்டர் முன்னே பின்னே இருப்பது சாதாரணம். இருபது லிட்டர் பிடித்துக் கணக்குப் போட்டால் அது பத்து சதவீதப் பிழை. அறுபது லிட்டருக்கு மேல் காலியான பிறகு, முடிந்தால் அதே பம்பில், முதல் 'டக்'கோடு நிறுத்தி நிரப்புங்கள். இப்படி மூன்று டேங்க் கணக்கு கையில் இல்லாமல் எந்தப் பாகத்தையும் மாற்றாதீர்கள். மாற்றினாலும் அது பலன் தந்ததா என்று உங்களுக்குத் தெரியப் போவதில்லை.

இத்தனைக்குப் பிறகும் குறைவு நிஜம்தான் என்றால், நான் அதை இரண்டாகப் பிரிப்பேன். ஒன்று, வண்டி உருளத் தயங்குகிறது. இன்னொன்று, இன்ஜின் அதிகமாகக் குடிக்கிறது. காட்டுக்குள் போய்வரும் வண்டியில் பெரும்பாலும் முதலாவதுதான்.

உருளுகிறதா என்று பார்க்க ஆளில்லாத சமதளச் சாலை போதும். நாற்பதில் போய், ஒரு மரத்தையோ கம்பத்தையோ அடையாளம் வைத்து நியூட்ரல் போட்டு விடுங்கள். எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எதிர்த்திசையிலும் ஒருமுறை, காற்றும் சரிவும் கழிந்துவிடும். தனியாக இந்த ஒரு எண் எதையும் சொல்லாது. பழுது பார்த்த பிறகு அதே இடத்தில் மறுபடி செய்யும்போதுதான் அது பேசும்.

அடுத்தது சூடு. இருபது நிமிடம் ஓட்டுங்கள், கடைசி இரண்டு கி.மீ. பிரேக்கை அதிகம் தொடாமல் வந்து மெதுவாக நிறுத்துங்கள். இறங்கி, தூரத்திலிருந்தே வெப்பம் காட்டும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் நான்கு பிரேக் டிஸ்க்கையும் ஒரே இடத்தில் குறிபார்த்து அளவெடுங்கள். ஒரே அச்சின் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். என் வண்டியில் முன் வலது 65 டிகிரி, முன் இடது 140. கருவியே தேவைப்பட்டிருக்காது. இடது ரிம் பக்கம் உள்ளங்கையைக் கொண்டுபோனபோதே அடுப்புக்கு முன்னால் நீட்டியது போல அனல் அடித்தது. தொட்டுப் பார்க்க வேண்டாம், கை வெந்துவிடும்.

சக்கரத்தைக் கழற்றிக் காலிப்பரைப் பிரித்தோம். பிரேக் பேட்களை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பர், இரண்டு ஸ்லைடு பின்கள் மேல் வழுக்கி நகர வேண்டிய பொருள். மேல் பின் கையால் இழுத்ததும் வந்தது. கீழ்ப் பின்னைச் சுத்தியால் தட்டித் தட்டித்தான் எடுக்க முடிந்தது. ரப்பர் உறை ஓரத்தில் கிழிந்து, உள்ளே கிரீஸ் இருந்த இடத்தில் காய்ந்த சேறு பொடிப்பொடியாக உதிர்ந்தது, பின் முழுக்கப் பழுப்புத் துரு. உள்பக்கப் பேட் மூன்று மி.மீ., வெளிப்பக்கப் பேட் எட்டு. பிரேக்கை விட்ட பிறகும் பேட் டிஸ்க்கை விட்டு விலகவே இல்லை. மாதக்கணக்கில் பிரேக் போட்டுக்கொண்டே ஓட்டியிருக்கிறேன். ஸ்டியரிங் இடது பக்கம் லேசாக இழுத்ததைக்கூடப் புது டயரின் குணம் என்று விட்டுவிட்டேன். பின்னையும் உறையையும் புதிதாகப் போட்டு, சூடு தாங்கும் சிலிக்கான் கிரீஸ் தடவினோம். சாதாரண கிரீஸ் போட்டால் ரப்பர் ஊதிப்போய் மறுபடி இறுகிக்கொள்ளும். ஆற்றைக் கடந்து வந்த வண்டிக்கு இந்தச் சோதனையை நான் இப்போதெல்லாம் கேட்காமலே செய்கிறேன். பின்சக்கரங்களில் ஹேண்ட்பிரேக் கேபிள் இறுகியிருந்தாலும் இதே அறிகுறிதான்.

சூடு நான்கிலும் சரியாக இருந்தால், முன்சக்கரத்தை டிரைவ் ஷாஃப்டோடு இணைக்கும் முன் ஹப்பைப் பாருங்கள். கையால் திருப்பிப் பூட்டும் ஹப் உள்ள வண்டியில் பூட்டை எடுக்க மறந்துவிட்டு வருவது புதியவர்கள் மட்டும் செய்யும் தப்பு இல்லை. தானாகப் பூட்டும் வகையிலும் சேறு புகுந்து விடுபடாமல் நின்றுவிடும். டூவீலில் வைத்து, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஒரு முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றுங்கள். ஹப் விடுபட்டிருந்தால் சக்கரம் மட்டும் சுற்றும், உள்ளே வரும் டிரைவ் ஷாஃப்ட் அசையாது. ஹப்பில் விடுபடும் வசதியே இல்லாத வண்டிகளில் ஷாஃப்ட் எப்போதும் சுற்றும், அவற்றுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. கல்லில் மோதியிருந்தால் அலைன்மென்ட். டயர் முகத்தில் குறுக்கே உள்ளங்கையைத் தடவுங்கள், ஒரு பக்கம் வழவழப்பாகவும் திருப்பித் தடவினால் அரம் போலவும் இருந்தால் டோ, அதாவது சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம், கெட்டிருக்கிறது. மணலுக்காகக் காற்றை 18 பி.எஸ்.ஐ.க்கு இறக்கியவர் ஏற்றினாரா என்பதையும் சொல்லிவிடுகிறேன், சொல்லவே வெட்கமாக இருந்தாலும்.

கேரியரைக் கழற்றி வையுங்கள். காலியாக இருந்தாலும் கழற்றுங்கள். வேகம் எண்பதிலிருந்து நூறானால் காற்றின் எதிர்ப்பு 56 சதவீதம் கூடும், ஏனென்றால் அது வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. ஏற்கெனவே செங்கல் மாதிரி நிற்கும் வண்டி, அதன் தலையில் ஒரு சீப்பையும் செருகியிருக்கிறோம்.

இனி இன்ஜின். இங்கே நான் முதலில் பார்ப்பது தெர்மோஸ்டாட்டை, அதாவது இன்ஜின் சூடாகும் வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வை. டேஷ்போர்டு முள் நடுவில்தான் நிற்கிறது என்பீர்கள். அந்த முள்ளை நம்பாதீர்கள். ஓட்டுநர் பதறக் கூடாது என்பதற்காக, பல வண்டிகளில் எழுபத்தைந்திலிருந்து நூறு டிகிரி வரைக்கும் கூட முள் ஒரே இடத்தில் நிற்கும்படி வைத்திருப்பார்கள். ஸ்டியரிங்கிற்குக் கீழே உள்ள ஓ.பி.டி. பிளக்கில் சின்ன புளூடூத் ஸ்கேனரைச் செருகி, கூலன்ட் வெப்பத்தை எண்ணாகப் பாருங்கள். நெரிசலில் என் வண்டி 86 காட்டியது, எல்லாம் சரி என்று நினைத்தேன். நெடுஞ்சாலையில் ஏறிப் பத்து நிமிடத்தில் 76, நீண்ட இறக்கத்தில் 74. தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கொண்டதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை. முள் இந்த நேரம் முழுக்க நடுவிலேயே இருந்தது, ஆணி அடித்தது போல. ஸ்கேனர் இல்லாவிட்டால் காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து ரேடியேட்டர் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். நல்ல தெர்மோஸ்டாட் என்றால் ஹோஸ் நெடுநேரம் ஜில்லென்று இருந்து பிறகு திடீரென்று சுடும். முதல் நிமிடங்களிலிருந்தே மெல்ல மெல்ல வெதுவெதுப்பானால் கெட்டுவிட்டது.

பத்துப் பதினைந்து டிகிரி குறைந்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டே இருக்கும், அதற்கேற்ற கணக்கில்தான் டீசல் விடும். ஆயில் கெட்டியாகவே இருக்கும். ஆட்டோமேட்டிக்கில் இன்னொன்றும் சேரும். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியாக இணைக்கும் டார்க் கன்வெர்ட்டர் லாக்-அப் ஆவதற்கு, அதாவது வழுக்காமல் பூட்டிக்கொள்வதற்கு, இன்ஜின் போதிய சூட்டில் இருக்க வேண்டும் என்று பல வண்டிகளில் நிபந்தனை உண்டு. லாக் ஆகாவிட்டால் வேகம் போகும், ஆனால் உள்ளே எண்ணெய் வழுக்கிக்கொண்டே இருக்கும், அந்த வழுக்கல் முழுக்க உங்கள் டீசல். தொண்ணூறில் சீராகப் போகும்போது, பின்னால் வண்டி இல்லை என்று பார்த்துக்கொண்டு, ஆக்ஸிலரேட்டரை விடாமல் இடது காலால் பிரேக் பெடலை விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் தொடுங்கள். ஆர்.பி.எம். இருநூறு, முந்நூறு எகிறினால் லாக் ஆகியிருந்தது, இப்போது விடுபட்டது. எகிறாவிட்டால் லாக்கே ஆகவில்லை.

டி.பி.எஃப். (புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி) உள்ள டீசல் என்றால், அந்தக் கரியை எரித்துச் சுத்தம் செய்யும் ரீஜென் எவ்வளவு தூரத்துக்கு ஒருமுறை நடக்கிறது என்று அதே ஸ்கேனரில் பாருங்கள். ஐடில் கொஞ்சம் உயர்ந்து, வண்டியை அணைத்த பிறகும் ஃபேன் ஓடி, காய்ந்த, சுட்ட வாடை அடித்தால் நீங்கள் ரீஜென் நடுவில் அணைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். சில நூறு கி.மீ.க்கு ஒருமுறை நடந்தது நூறுக்கு ஒருமுறை நடக்கிறது என்றால், கரியை எரிக்கவே டீசல் போகிறது. ஆயில் குச்சியில் அளவு ஏறியிருந்து டீசல் வாடை வந்தால் உடனே ஆயில் மாற்றுங்கள். மேட்டில் கறுப்புப் புகையும் இழுவைக் குறைவும் சேர்ந்து வந்தால் டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ் இணைப்புகளில் எண்ணெய்க் கசிவு தேடுங்கள், காற்று அங்கேதான் வெளியே போகும்.

என் கணக்கு முடிந்தது இப்படி: டயர் திருத்தத்துக்குப் பிறகு 9. பிரேக்கும் தெர்மோஸ்டாட்டும் சரிசெய்து இரண்டு டேங்க் ஓட்டியதில் 9.7. கேரியரைக் கழற்றிய பின் 10.1. மீதி 0.4 திரும்பவில்லை, தேடுவதையும் விட்டுவிட்டேன். அது அந்தக் கனமான, கட்டை கட்டையான பட்டன் டயருக்கு நான் கட்டும் வாடகை.

இத்தனையும் பார்த்தும் உங்கள் எண் எழவில்லை என்றால் இன்ஜெக்டருக்குப் போகலாம். அப்போதும் மாற்றச் சொல்லாதீர்கள், ஒவ்வொரு இன்ஜெக்டரும் எவ்வளவு டீசலைத் திருப்பி அனுப்புகிறது என்று பார்க்கும் லீக்-ஆஃப் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். ரிட்டர்ன் குழாய்களைக் கழற்றி ஒரே அளவான நான்கு பாட்டிலில் விட்டு, சில நிமிடம் ஐடிலில் ஓட்டினால் போதும். ஒரு பாட்டில் மட்டும் மற்றதைவிட வேகமாக நிறைந்தால் அந்த ஒன்றைத்தான் கழற்ற வேண்டும், நான்கையும் அல்ல. மெக்கானிக் இந்தச் சோதனைக்கே மறுத்தால் வேறு இடம் பாருங்கள். அதற்கு முன் நான்கு டிஸ்க் சூடும், நெடுஞ்சாலையில் கூலன்ட் எண்ணும், புது டயர் அளவும் இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.